சிஸ்டமேட்டிக் தியாலஜி படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு எடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் எழுதுவது இவாஞ்சலிக்கல் நிலையிலிருந்து. அதை ஒத்துக்கொள்ளாதவர்களும் படிக்கலாம், ஆனால் நடுநிலை என்று நான் நடிக்கப் போவதில்லை.

சிஸ்டமேட்டிக் தியாலஜி என்றால் என்ன?

பாவம், பரிசுத்த ஆவியானவர், ஞானஸ்நானம் என்று ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை வேதம் சொல்வதையெல்லாம் சேர்த்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அப்படியானால் இன்று நாம் எதை விசுவாசிக்க வேண்டும் என்று முடிவுக்கு வருவது. புத்தகங்களில் முறைப்படுத்திய இறையியல் என்று எழுதுவார்கள், பேச்சில் எல்லாரும் தியாலஜி என்றுதான் சொல்கிறோம். ரோமர் நிருபத்தை வசனம் வசனமாக விளக்குவது வேறு வேலை. உடன்படிக்கை என்கிற கருத்து ஆபிரகாமில் தொடங்கி இயேசு வரை எப்படி வளர்ந்து வந்தது என்று கதையின் போக்கிலேயே பார்ப்பதும் வேறு வேலை, அதற்கு வேதாகம இறையியல் என்று பெயர். இந்த இரண்டும் சரியாக நடந்தால்தான் மூன்றாவது நிற்கும்.

எனக்கு வேதாகமம் போதும், தியாலஜி எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் அநேகமாக அவர்கள் உண்மையிலேயே வேதத்தை நேசிப்பவர்கள். ஆனால் தியாலஜி இல்லாத விசுவாசி என்று ஒருவரும் கிடையாது. "தேவன் நல்லவர், ஆனால் நான் ஜெபிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்" என்று ஒரு அம்மா நினைத்தால் அது ஒரு இறையியல். "வியாதி வந்தால் அது பாவத்தின் விளைவு" என்று ஒரு ஊழியர் சொன்னால் அதுவும் இறையியல்தான், யோபு புத்தகத்தையும் யோவான் 9-ஆம் அதிகாரத்தையும் பார்க்காத இறையியல். நமக்கு ஏற்கெனவே இருப்பது முழு வேதத்தோடு ஒத்துப் போகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் இந்தப் படிப்பு.

நம்ம ஊரில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் கொடுப்பார்கள் இல்லையா? எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும், தேவன் நம்மேல் சமாதானத்துக்கான நினைவுகளை வைத்திருக்கிறார் என்று. அந்த வார்த்தை பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது, அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் என்கிறது. அதாவது அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வராமல் அங்கேயே சாகப் போகிறவர்கள். தேவனுடைய நல்ல நினைவு என்பதற்குள் இதுவும் அடக்கம் என்று தெரிந்தால் அந்த வசனம் சிறியதாகாது, பெரியதாகும். ஆனால் "இந்த வருஷம் எனக்கு வீடு கட்டி முடியும்" என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

இன்னொன்று. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். அவர் கையிலும் வசனம் இருந்தது: நீதிமொழிகள் 8:22, கொலோசெயர் 1:15, "என் பிதா என்னிலும் பெரியவர்" என்ற யோவான் 14:28. "வசனம் இருக்கிறது" என்பதால் மட்டும் ஒரு போதனை சரியாகிவிடாது என்பதை சபை கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட இடம் அது. அவரோடு வாதாடியவர்கள் செய்தது, அந்த வசனங்களை யோவான் 1-ஆம் அதிகாரத்தோடும் மற்றப் பகுதிகளோடும் சேர்த்து வாசித்ததுதான்.

இவாஞ்சலிக்கல் என்றால் யார்? சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா, பாப்டிஸ்டா?

இதில் எந்தச் சபையிலும் இருக்கலாம். அது ஒரு சபைப் பிரிவின் பெயர் அல்ல. டேவிட் பெபிங்டன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1989-ல் நான்கு அடையாளங்களைச் சொன்னார், இன்றைக்கும் எல்லாரும் அதையே எடுத்துக்காட்டுகிறார்கள்: வேதமே உச்ச அதிகாரம், சிலுவை மையம், மனந்திரும்புதல் அவசியம், விசுவாசம் செயலில் இறங்க வேண்டும். 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலக சுவிசேஷ மாநாடு கூடியபோது ஒரு உடன்படிக்கை வெளியிட்டார்கள். அதை எழுதிய குழுவுக்குத் தலைமை ஜான் ஸ்டாட், அவர் ஆங்கிலிக்கன். பக்கத்தில் பெந்தெகொஸ்தேகாரரும் பாப்டிஸ்டும் கையெழுத்துப் போட்டார்கள். இவாஞ்சலிக்கல் எதை விசுவாசிக்கிறார்கள் என்று ஒரே உட்காரலில் தெரிய வேண்டுமென்றால் அந்த உடன்படிக்கையை வாசியுங்கள், சில பக்கங்கள்தான்.

இறையியல் படிப்பில் இந்த நிலையின் நடைமுறை விளைவு ஒன்று உண்டு. பாரம்பரியம், பகுத்தறிவு, அனுபவம் எல்லாவற்றுக்கும் பேச இடம் உண்டு, ஆனால் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் வேதம் மட்டுமே உட்காரும். உள்ளுக்குள் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேதத்தில் பிழையே இல்லை என்பதை எந்த அளவுக்கு விரித்துச் சொல்வது என்பதற்கு 1978-ல் சிகாகோவில் ஒரு நீளமான அறிக்கையே தயாரிக்க வேண்டியிருந்தது, அதையும் எல்லா இவாஞ்சலிக்கல்களும் அப்படியே ஏற்கவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

தேவனிடமிருந்து. பலர் கடைசிக் காலத்திலிருந்தோ, அந்நியபாஷையிலிருந்தோ, முன்குறித்தலிலிருந்தோ ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் யூடியூபில் சண்டை அங்கேதான் நடக்கிறது. புத்தகங்களின் வழக்கமான வரிசை இது: வேதம், தேவன், படைப்பு, மனிதன், பாவம், கிறிஸ்து, இரட்சிப்பு, பரிசுத்த ஆவியானவர், சபை, கடைசிக் காரியங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தேவன் பரிசுத்தர் என்பதில் தெளிவில்லாதவருக்குப் பாவம் ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை என்று புரியாது, பாவம் புரியாவிட்டால் சிலுவை வெறும் தியாகக் கதையாகிவிடும். முதல் நான்கைந்து மாதம் தேவனுடைய குணாதிசயங்களிலேயே இருந்தாலும் நஷ்டமில்லை.

ஒரு உபதேசத்தை எப்படி ஆராய்வது? நிஜ உதாரணத்தோடு சொல்லுங்கள்.

சரி, நீதிமானாக்கப்படுதலை எடுத்துக்கொள்வோம். ரோமர் 3:28-ல் பவுல், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். யாக்கோபு 2:24-ல் யாக்கோபு, விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் நேருக்கு நேர் மோதுவது போலத்தான் தெரியும். லூத்தரே 1522-ல் எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று சொல்லிவிட்டார்.

முதலில் செய்ய வேண்டியது சம்பந்தப்பட்ட பகுதிகளை எல்லாம் எடுப்பது: ஆதியாகமம் 15, 22, ஆபகூக் 2:4, ரோமர் 3 முதல் 5 வரை, கலாத்தியர் 2, 3, எபேசியர் 2:8-10, யாக்கோபு 2, ஆயக்காரன் ஜெபம் வருகிற லூக்கா 18. வசனத்தை மட்டும் எடுக்காதீர்கள், பத்தியோடு எடுங்கள். இரண்டாவது, ஒவ்வொருவரும் யாரிடம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று பார்ப்பது. பவுலின் கேள்வி, தேவன் பக்தியில்லாதவனை எந்த அடிப்படையில் ஏற்றுக்கொள்கிறார் என்பது (ரோமர் 4:5). யாக்கோபின் கேள்வி வேறு. சாப்பாடும் துணியும் இல்லாத சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்பிவிட்டு எனக்கு விசுவாசம் இருக்கிறது என்கிறவனிடம், அது விசுவாசமா என்று கேட்கிறார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றனவே என்கிறார்.

இப்போது சுவாரசியமான இடம். இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள், இரண்டு பேருமே ஆதியாகமம் 15:6-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பவுல் அந்த வசனம் சொல்லப்பட்ட நேரத்தில் நிற்கிறார், ஆபிரகாம் இன்னும் விருத்தசேதனம்கூடப் பெறவில்லை என்று வாதாடுகிறார். யாக்கோபு பல வருஷம் தள்ளி, ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த 22-ஆம் அதிகாரத்தில் நின்று திரும்பிப் பார்த்து, அன்று எண்ணப்பட்ட விசுவாசம் இங்கே நிறைவேறியது என்கிறார். பவுலும் அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்று கலாத்தியர் 5:6-ல் எழுதியவர்தான்.

மூன்றாவது, சபை இதை எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்ப்பது. சீர்திருத்தவாதிகள், விசுவாசம் மட்டுமே நீதிமானாக்கும், ஆனால் நீதிமானாக்கும் விசுவாசம் தனியாக இராது என்றார்கள். கத்தோலிக்க சபை 1547-ல் திரெந்து சங்கத்தில் அதை மறுத்து ஒரு விரிவான ஆணையை வெளியிட்டது. அதையும் வாசியுங்கள், எதிராளி சொல்லாததைச் சொன்னதாக நினைத்து மறுப்பதில் பிரயோஜனமில்லை. கடைசியாகத்தான் உங்கள் முடிவை நாலைந்து வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் புரிந்த மாதிரியே இருக்கும், அவ்வளவுதான்.

திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லையே?

இல்லை, உண்மை. ஆனால் அந்தச் சொல் தாங்கி நிற்கும் மூன்று உண்மைகள் இருக்கின்றன. தேவன் ஒருவரே (உபாகமம் 6:4). பிதாவும் தேவன், குமாரனும் தேவன், ஆவியானவரும் தேவன் (யோவான் 1:1, 20:28, அப்போஸ்தலர் 5:3-4). மூவரும் ஒருவருக்கொருவர் வேறானவர்கள்: இயேசு ஞானஸ்நானம் பெறும்போது குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதா பேசுகிறார். இந்த மூன்றில் எதைக் கைவிட்டாலும் ஒரு தப்பான உபதேசம் ரெடி. இரண்டாவதை விட்டவர் ஆரியுஸ், மூன்றாவதை விட்டவர் 3-ஆம் நூற்றாண்டின் சபெல்லியுஸ்.

சண்டே ஸ்கூலில் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அது சபெல்லியுஸ் சொன்னதுதான். ஒரே தண்ணீர் ஒரு நேரத்தில் ஒரு வடிவம் எடுக்கிறது. அப்படியென்றால் கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார்? பிதா, குமாரன், ஆவியானவர் எல்லாமே இயேசு ஒருவர்தான், "இயேசு மட்டும்" என்று போதிக்கிற சபைகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன, அவர்களை மறுத்துப் பேசுகிற அதே ஆசிரியர் அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கு ஐஸ் உதாரணம் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் வேறு உதாரணம் கேட்காதீர்கள், படைப்பில் எதுவும் இதற்குச் சரியாகப் பொருந்தாது. யோவான் 14 முதல் 17 வரை வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அது புரியும்.

பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கு ஒரு தகவல்: இந்த "இயேசு மட்டும்" விவகாரம் அமெரிக்கப் பெந்தெகொஸ்தே எழுப்புதலின் ஆரம்ப வருஷங்களிலேயே வெடித்தது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1914-ல் உருவாகி, 1916-லேயே திரித்துவத்தைத் தெளிவாகச் சொல்லும் விசுவாச அறிக்கையை ஏற்றது. ஆக, "பிரமாணமெல்லாம் செத்த சபைகளுக்கு" என்று சொல்லிவிட முடியாது.

1 யோவான் 5:7 ஒன்றே போதுமே, மூவரும் ஒன்று என்று நேராகச் சொல்கிறதே?

அதைக் காட்டாதீர்கள். நம் பழைய திருப்புதலில் இருக்கும் அந்த வாக்கியம், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றியது, பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, எதிர்ப்பு வந்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிகளுக்குப் போனது. வீட்டு வாசலுக்கு வரும் யெகோவா சாட்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும், நீங்கள் அந்த வசனத்தைத் திறந்தால் சந்தோஷப்படுவார்கள். நிசேயாவில் 325-லும் கான்ஸ்டான்டிநோபிளில் 381-லும் கூடிய சபைச் சங்கங்கள் இந்த வசனம் இல்லாமலேதான் திரித்துவம் பற்றிய முடிவுகளுக்கு வந்தன, ஆகவே இதை இழப்பதால் ஒன்றும் குறையாது.

நாம் புராட்டஸ்டன்ட். பழைய சங்கங்களின் தீர்மானம் நமக்கு எதற்கு?

வேதத்துக்குக் கீழே, நமக்கு மேலே. 451-ல் கல்கெதோன் சங்கம், கிறிஸ்துவில் தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் கலக்காமல், மாறாமல், பிரிக்கப்படாமல், விலகாமல் இருக்கின்றன என்று நான்கு "இல்லை"களைச் சொன்னது. அது எப்படி என்று விளக்கவில்லை, எங்கே வேலி இருக்கிறது என்று மட்டும் காட்டியது. நீங்கள் தனியாக உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடிக்கும் கருத்து, பத்துக்கு ஒன்பது முறை அந்த வேலிக்கு வெளியே ஏற்கெனவே ஒருவர் போய் விழுந்த இடமாக இருக்கும்.

எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ஆங்கிலம் வாசிக்க முடியும் என்றால் வேய்ன் க்ரூடம் 1994-ல் எழுதிய 'சிஸ்டமேட்டிக் தியாலஜி'தான் எல்லார் கையிலும் இருக்கிறது. எளிய நடை, ஒவ்வொரு அதிகாரத்தின் கடைசியிலும் கேள்விகளும் ஒரு பாட்டும்கூட உண்டு. ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து வாசியுங்கள்: முன்குறித்தலில் கால்வினியர், ஞானஸ்நானத்தில் பாப்டிஸ்ட், ஆவியின் வரங்கள் இன்றும் உண்டு என்பவர், ஆயிர வருஷ ஆளுகைக்கு முன் வருகை என்பவர். குமாரன் நித்தியமாகப் பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருக்கிறார் என்று அவர் எழுதியதை இவாஞ்சலிக்கல் அறிஞர்களே 2016-ல் கடுமையாக விமர்சித்தார்கள். 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் குமாரனின் நித்திய ஜநிப்பிப்பு, அதாவது குமாரன் காலத்துக்கு அப்பால் பிதாவிடமிருந்து பிறந்தவர் என்பது பற்றிய தன் பழைய சந்தேகத்தை அவரே மாற்றிக்கொண்டார், அதனால் வாங்கினால் புதுப் பதிப்பையே வாங்குங்கள்.

லூயி பெர்காஃப் 1932-ல் எழுதியது சீர்திருத்த மரபு, காய்ந்த நடை, ஆனால் ஒழுங்கு அபாரம். பெந்தெகொஸ்தேகாரர்கள் ஸ்டான்லி ஹார்ட்டன் தொகுத்ததைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், மெதடிஸ்ட் பக்கம் தாமஸ் ஓடன் மூன்று தொகுதிகள் எழுதியிருக்கிறார், முதல் நூற்றாண்டுகளின் சபைப் பிதாக்களை அவர் எடுத்தாள்வது போல வேறு யாரும் செய்வதில்லை. என் யோசனை, ஒரு மரபிலிருந்து மட்டும் வாங்காதீர்கள். இரண்டு புத்தகம், இரண்டு மரபு. ஒரே தலைப்பை இரண்டிலும் வாசித்தால், எது வேதம் சொல்வது, எது அந்த ஆசிரியரின் சபை சொல்வது என்று தானாகப் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

எனக்கு ஆங்கிலம் வராது. தமிழில் என்ன செய்யலாம்?

ஞானோபதேசத்தில், அதாவது உபதேசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறிய புத்தகத்தில் ஆரம்பியுங்கள். சிரிக்காதீர்கள். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டோடு கூடவே லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் தமிழில் கொண்டுவந்தார், காரணம் வேதத்தை வாசிக்க ஒரு வரைபடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் திடப்படுத்தலுக்கு முன் மனப்பாடம் செய்துவிட்டு அன்றோடு மூடி வைத்த அந்தச் சிறிய புத்தகத்தை இப்போது பெரியவராக எடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் வசன ஆதாரம் தேடி எழுதுங்கள். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை வாக்கியம் வாக்கியமாக அப்படிச் செய்யலாம். ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய விளக்கப் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தமிழில் ஆழமாகச் சிந்தித்தவர்கள் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்து, பின்னால் கோயம்புத்தூரில் பேராயராக இருந்த ஏ.ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். சென்னையில் வெங்கள் சக்கரை, அவதாரம் என்ற கருத்தை எடுத்து, இயேசுவின் அவதாரம் வந்து போகிற ஒன்றல்ல, நிரந்தரமானது என்று எழுதினார். இருவருமே எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில், அது ஒரு வருத்தம். இவாஞ்சலிக்கல் வாசகருக்கு இவர்களோடு தகராறு வரும்: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதை அப்பாசாமி, சித்தத்திலும் அன்பிலும் உள்ள ஒற்றுமையாகப் பார்க்கிறார், நிசேயா அதைவிட அதிகமாக, இருவரும் ஒரே தன்மை என்று சொல்கிறது. இருந்தாலும் வாசிக்க வேண்டியவர்கள், நம் அயலார் கேட்கும் கேள்வியை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

எபிரெயு, கிரேக்கம் கட்டாயமா?

இல்லை. தெரிந்தால் நல்லது. "மூல பாஷையில் இதற்கு அர்த்தமே வேறு" என்று மேடையில் சொல்வதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கால்வினா, ஆர்மீனியனா?

இந்தக் கேள்விக்கு இன்பாக்ஸில் வரும் மெசேஜ்களை எண்ணினால் திரித்துவத்துக்கு வருவதைவிட அதிகம், அதுவே ஒரு பிரச்சினை. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்னமே தீர்மானித்தாரா, அது மனிதன் ஏற்பதைப் பொறுத்ததா என்பதுதான் சண்டை. சுருக்கமாக வரலாறு: ஆர்மீனியஸின் ஆதரவாளர்கள் நெதர்லாந்தில் 1610-ல் ஐந்து பிரிவுகளில் தங்கள் ஆட்சேபத்தைக் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக டார்ட் சங்கம் 1618, 1619-ல் கூடித் தன் தீர்மானங்களை எழுதியது. கால்வினியத்தின் ஐந்து கருத்துகளைச் சொல்லும் டூலிப் (TULIP) என்கிற ஐந்தெழுத்துச் சூத்திரம் அந்தச் சங்கத்தில் உருவானதில்லை, டார்ட் தீர்மானங்களின் வரிசையும் அது அல்ல, அங்கே தெரிந்துகொள்ளுதல்தான் முதலில் வருகிறது. ஆக, டூலிப் மட்டும் தெரிந்துகொண்டு கால்வினைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். கால்வின் 1536-ல் ஆறு அதிகாரத்தில் ஆரம்பித்த 'இன்ஸ்டிடியூட்ஸ்' என்ற புத்தகம் 1559-ல் எண்பது அதிகாரமாக வளர்ந்தது, அதில் ஜெபத்தைப் பற்றிய அதிகாரம் மிக நீளமானவற்றில் ஒன்று. மறுபக்கம், ஆர்மீனியன் என்றால் கிருபையை மறுப்பவர் என்று நினைப்பதும் அறியாமை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி ஆர்மீனியன்தான், கிருபை முந்திக்கொண்டு வராமல் எந்த மனிதனும் தேவனிடம் திரும்ப முடியாது என்று ஓயாமல் பிரசங்கித்தவர்.

என் சாய்வு சீர்திருத்தப் பக்கம், அதாவது கால்வின் பக்கம். ஆனால் இதில் வேறுபடுகிறவரோடு ஒரே பந்தியில் நற்கருணை எடுக்க எனக்குத் தயக்கமில்லை. கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை மறுப்பவரோடு எடுக்க முடியாது. எல்லா உபதேசமும் ஒரே எடை அல்ல, எது எந்த எடை என்று தெரிவதே இந்தப் படிப்பில் பாதி.

இரகசிய வருகை, உபத்திரவ காலம், ஆயிர வருஷம்?

சுவர் அளவுக்குக் கால அட்டவணை வரைந்து மாட்டியிருக்கும் சபையில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: கிறிஸ்து சபையை முதலில் இரகசியமாக எடுத்துக்கொண்டு, ஏழு வருஷம் கழித்து வெளிப்படையாக வருவார் என்ற இரண்டு கட்ட வருகைப் போதனை 19-ஆம் நூற்றாண்டில் ஜே.என். டார்பி வழியாகப் பரவி, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தால் உலகமெங்கும் போனது. புதியது என்பதால் தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் இதை ஒத்துக்கொள்ளாதவர் வருகையையே மறுக்கிறார் என்று சொல்வது அநியாயம், அகஸ்டினும் லூத்தரும் கால்வினும் வருகைக்குக் காத்திருந்தவர்கள்தான். இயேசு சரீரத்தோடு திரும்ப வருவார், மரித்தோர் எழும்புவார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு. இதில் எல்லாரும் ஒன்று. மற்றதை மெதுவாகப் படிக்கலாம்.

மேல்நாட்டுப் புத்தகங்களில் நம் ஊர்ப் பிரச்சினைகள் இல்லையே?

சரியான குறை. ஆயிரம் பக்கப் புத்தகத்தில் ஜாதி என்ற சொல் வராது. ஆனால் தேவசாயலைப் பற்றிய அதிகாரத்தில், சபையைப் பற்றிய அதிகாரத்தில் அது வந்தே ஆக வேண்டும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று எழுதினார், தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்தது. பாடல்களால் நம்மை இன்றும் ஜெபிக்க வைக்கும் வேதநாயக சாஸ்திரியாரே அந்தக் காலத்தில் ஜாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதியவர். கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை வைத்துக்கொண்டு, திருமண விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட, அதே பிரிவைச் சேர்ந்த" என்று போட்டுக்கொண்டு, கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடம் செய்வதில் என்ன இருக்கிறது? பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகினபோது, பவுல் அதைப் பழக்கவழக்கப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை இல்லை என்றார் (கலாத்தியர் 2:14). நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய அவருடைய வாதம் அந்தச் சாப்பாட்டுப் பந்தியிலிருந்துதான் கிளம்புகிறது.

பக்கத்து வீட்டிலிருந்து வரும் பிரசாதம் இன்னொரு உதாரணம். 1 கொரிந்தியர் 8-ஐ மட்டும் வாசித்தவர் விக்கிரகம் ஒன்றுமில்லை என்று சாப்பிடுவார், 10-ஆம் அதிகாரத்தின் நடுப் பகுதியை மட்டும் வாசித்தவர் பேய்களோடு ஐக்கியம் என்று பயப்படுவார். 10:25 முதல் 29 வரை வாசித்தால் கடைத்தெருவில் வாங்குவது, அவிசுவாசி வீட்டு விருந்து, "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் சொல்லிக் கொடுப்பது என்று மூன்று நிலைமைகளைப் பவுல் பிரிப்பது தெரியும். உங்கள் பகுதியில் இது எதில் சேரும் என்று சபையாக உட்கார்ந்து பேசுங்கள். மூன்று அதிகாரத்தையும் முழுதாக வாசித்துவிட்டு.

கல்லூரியில் சேர வேண்டுமா?

ஊழியத்துக்குப் போகிறவர் என்றால் ஆம். இல்லையென்றால் தொலைநிலைப் பாடங்கள் போதும், பெங்களூரை மையமாகக் கொண்ட டாஃப்டீ தமிழிலும் பாடம் வைத்திருக்கிறது. கல்லூரிகளில் இரண்டு அங்கீகாரம் பற்றிக் கேள்விப்படுவீர்கள். ஒன்று செராம்பூர்: கேரி, மார்ஷ்மேன், வார்டு 1818-ல் தொடங்கிய கல்லூரிக்கு டென்மார்க் அரசர் 1827-ல் பட்டம் கொடுக்கும் உரிமை சாசனம் தந்தார், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருக்குல் எல்லாம் அதன்கீழ் வருபவை. இன்னொன்று 1970-ல் உருவான ஆசிய இறையியல் கழகம், ஏ.டி.ஏ., இது இவாஞ்சலிக்கல் அமைப்பு, இதன் அங்கீகாரம் அரசுப் பல்கலைக்கழக அங்கீகாரம் ஆகாது, ஆசிரியர் வேலைக்கு உதவும் என்று நினைத்துச் சேராதீர்கள்.

செராம்பூர் என்றாலே லிபரல் என்று ஒரு பேச்சு உண்டு. புனேயில் இருக்கும் யூனியன் பிப்லிக்கல் செமினரி செராம்பூரோடு இணைந்தது, இவாஞ்சலிக்கலும்கூட. கல்லூரியின் பெயர்ப் பலகையைப் பார்க்காமல், யார் பாடம் நடத்துகிறார், நூலகம் எப்படி, படித்து முடித்தவர்கள் எப்படி ஊழியம் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம், பணம் கட்டினால் மூன்று மாதத்தில் டாக்டர் பட்டம் என்று நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடுங்கள், போஸ்டரில் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதற்கு மட்டுமே அது உதவும்.

படித்தால் ஜெப வாழ்க்கை வறண்டு போகும் என்கிறார்களே?

சிலருக்குப் போகிறது. வாதத்தில் ஜெயிக்கப் படித்தவர்களுக்குப் பெரும்பாலும். பவுல் ரோமரில் பதினொரு அதிகாரம் கடினமான உபதேசத்தை எழுதிவிட்டு, "ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு" என்று துதியில் போய் நிற்கிறார். படிக்கும் தலைப்பையே அன்றைய ஜெபமாக்குங்கள், வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

படித்த பிறகு எங்கள் பாஸ்டர் சொல்வது தப்பு என்று தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் எடை பாருங்கள். தாவீது கோலியாத்தை எதிர்க்கப் பொறுக்கிய ஐந்து கல்லுக்கும் ஐந்து அர்த்தம் சொன்னார் என்றால் விட்டுவிடுங்கள், அந்தக் கல்லால் யாரும் சாகப் போவதில்லை. காணிக்கை கொடுத்தால்தான் தேவன் சுகம் தருவார் என்று வியாதிக்காரர்களிடம் சொல்கிறார் என்றால் சும்மா இருக்கக் கூடாது. அப்போதும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எபேசுவில் அப்பொல்லோ வல்லமையாக, ஆனால் யோவான் ஸ்நானனின் ஞானஸ்நானத்தோடு நின்றுபோன அறிவோடு பிரசங்கித்தபோது, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று மறுக்கவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). நீங்களும் பாஸ்டரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், அல்லது அவர் வீட்டுக்குப் போங்கள். "ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்னதை இந்தப் பகுதியோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை" என்று வேதத்தைத் திறந்து வைத்துக் கேளுங்கள். பெரும்பாலான பாஸ்டர்கள் வாரத்துக்கு மூன்று நான்கு செய்தி தயாரிக்கிறார்கள், படிக்க நேரமும் இல்லை, புத்தகம் வாங்கப் பணமும் இல்லை. நீங்கள் வாங்கின புத்தகத்தில் இன்னொரு பிரதி அவருக்கும் வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரலாம். இரண்டு மூன்று முறை பேசியும் இதே போதனை தொடர்ந்தால், சபையின் மூப்பர்களிடம் போங்கள். சுவிசேஷத்தையே மறுக்கும் அளவுக்குப் போய், மூப்பர்களும் கேட்கவில்லையென்றால், சத்தம் போடாமல் வேறு சபைக்குப் போய்விடலாம், அது பாவமல்ல.